சாங் வேறு, ரெக்கார்டு வேறு: இசை விருதுப் பிரிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராமி, ஆஸ்கர், தேசிய விருது என்று எந்தப் பட்டியல் வெளிவந்தாலும் மறுநாள் எனக்குச் சில செய்திகள் வரும். "இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒருவர், "பாடினவருக்கு ஏன் கொடுக்கல?" என்று இன்னொருவர். ஆண்டுதோறும் ஒரே பதிலைத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டது. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை இங்கே தொகுத்துவிட்டேன்.

சாங் ஆஃப் தி இயர், ரெக்கார்டு ஆஃப் தி இயர், ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு தடவை கொடுக்கறாங்க?

இல்லை. கிராமியில் அதிகம் குழப்புவது இந்த ஜோடிதான். 'சாங்' என்பது எழுதப்பட்ட பாட்டு, அதாவது வரியும் மெட்டும். அந்த விருது பாட்டை எழுதியவர்களுக்கு மட்டும் போகும். 'ரெக்கார்டு' என்பது நம் காதில் விழும் அந்த ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவு. அந்த விருது பாடியவர், தயாரிப்பாளர், ஒலிப்பதிவாளர், மிக்ஸிங் செய்தவர் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைக் கலந்து சேர்ப்பவர்), மாஸ்டரிங் செய்தவர் (கடைசி மெருகு ஏற்றுபவர்) ஆகியோருக்குப் போகும். தயாரிப்பாளர் என்றால் இங்கே பணம் போடுபவர் இல்லை. ஒலிப்பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்து நடத்துபவர்.

நான் சொல்லும் சோதனை இதுதான். அந்தப் பாட்டை யாரோ ஒருவர் வெறும் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பாடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மிஞ்சி நிற்பது சாங். காணாமல் போவதெல்லாம் ரெக்கார்டு: அந்தக் குரல், அந்த டிரம்ஸ், அந்த எதிரொலி, எல்லாம்.

நல்ல உதாரணம் விட்னி ஹூஸ்டனின் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. 1994இல் அது ரெக்கார்டு ஆஃப் தி இயர் வென்றது. சாங் ஆஃப் தி இயர் 'அலாதீன்' படத்தின் 'எ ஹோல் நியூ வேர்ல்டு' பாட்டுக்குப் போனது. ஏனென்றால் விட்னி பாடிய பாட்டு டாலி பார்ட்டன் எழுபதுகளிலேயே எழுதிப் பாடியது. பாட்டு பழசு, ஒலிப்பதிவுதான் புதுசு.

அப்போ ரெண்டும் ஒரே பாட்டுக்குக் கிடைக்கவே கிடைக்காதா?

தாராளமாகக் கிடைக்கும். 1959இல் நடந்த முதல் கிராமியிலேயே இத்தாலியரான டொமெனிகோ மொதுன்யோவின் 'வொலாரே' இரண்டையும் வாங்கியது. 2012இல் அடேல், 2025இல் கென்ட்ரிக் லாமர் என்று அப்படி நிறைய உண்டு. நல்ல பாட்டு நல்ல பதிவாகவும் அமைவதில் ஆச்சரியமில்லை. குழப்பம் தொடங்குவதும் இங்கேதான்: இரண்டும் ஒரே பாட்டுக்குப் போகும் ஆண்டுகளில், "இது ஒரே விருதுதான் போல" என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள்.

2018ஐப் பாருங்கள். புருனோ மார்ஸ் இரண்டையும் வாங்கினார், ஆனால் வேறு வேறு பாடல்களுக்கு. ரெக்கார்டு '24கே மேஜிக்'குக்கு, சாங் 'தட்ஸ் வாட் ஐ லைக்'குக்கு. 2010இல் இன்னும் தெளிவு. ரெக்கார்டு கிங்ஸ் ஆஃப் லியான் குழுவுக்கு, சாங் பியான்சே பாடிய 'சிங்கிள் லேடீஸ்' பாட்டுக்கு, ஆல்பம் டெய்லர் ஸ்விஃப்டுக்கு. மூன்றும் மூன்று இடத்தில்.

ஆல்பம் ஆஃப் தி இயர்னா அதுல இருக்கற எல்லாப் பாட்டும் ஹிட்டா இருக்கணுமா?

ஹிட்டுக்கும் இதற்கும் நேரடி சம்பந்தமே இல்லை. முழுத் தொகுப்பாகக் கேட்கும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு பெரிய ஹிட்டும் பத்து ஒப்பேற்றல்களும் சேர்ந்தது இதில் தேறுவது கஷ்டம்.

இதில் யாருக்கெல்லாம் கோப்பை என்பது பல முறை மாறிய விதி. ஒரு காலத்தில் தொகுப்பின் மொத்த நேரத்தில் 33 சதவீதத்துக்குப் பங்களித்தவர்களுக்கே என்றிருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு, ஒரு பாட்டில் தலைகாட்டியவருக்கும் உண்டு என்றார்கள். பட்டியல் அனுமார் வால் மாதிரி நீண்டது. 2023இல் 20 சதவீதம் என்று மறுபடி வரம்பு வைத்தார்கள். சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

ஆல்பம் ஆஃப் தி இயர் வாங்கின ஆல்பம், அதோட சொந்தப் பிரிவுலேயே தோத்துப் போச்சு. இது எப்படி?

2022இல் நடந்தது. ஜான் பாடிஸ்டின் 'வி ஆர்' ஆண்டின் சிறந்த ஆல்பமாக வந்தது. ஆனால் ஆர் அண்டு பி (ரிதம் அண்டு ப்ளூஸ் என்ற இசை வகை) ஆல்பம் பிரிவில் ஜாஸ்மின் சல்லிவனிடம் தோற்றது. ஊரிலேயே முதல் ஆள், தெருவில் இரண்டாம் ஆள் என்பது போல.

காரணம், ஓட்டுப் போடுபவர்கள் வேறு. கிராமியை ரசிகர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அதை வழங்கும் ரெக்கார்டிங் அகாடமியின் உறுப்பினர்களான பாடகர்கள், இசைக்கலைஞர்கள், ஒலிப்பதிவாளர்கள் போன்றவர்கள்தான் ஓட்டளிக்கிறார்கள். ஆண்டின் ரெக்கார்டு, ஆல்பம், சாங், புதுமுகம் போன்ற பொதுப் பிரிவுகளில் எல்லா வாக்காளர்களும் ஓட்டுப் போடலாம். ராக், ஜாஸ், ராப் போன்ற தனிப் பிரிவுகளில் அப்படி இல்லை. ஒருவர் மூன்று துறைகளுக்குள் மொத்தம் பத்துப் பிரிவுகளில்தான் போட முடியும். அவரவர்க்குத் தெரிந்த துறையில் மட்டும் போடட்டும் என்ற எண்ணம். ஆக, எல்லோருக்கும் பிடித்தது ஒன்று, துறைக்காரர்களுக்குப் பிடித்தது இன்னொன்று என்று ஆக இடமுண்டு.

அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸ் ரசிகர் ஓட்டு. பில்போர்டு விருதுகள் பெரும்பாலும் விற்பனை, ஒலிபரப்பு எண்ணிக்கை சார்ந்தவை. மூன்றையும் ஒரே தராசில் வைத்து "அங்க ஜெயிச்சாரு, இங்க ஏன் தோத்தாரு" என்று கேட்பதில் பொருளில்லை.

'பெஸ்ட் நியூ ஆர்ட்டிஸ்ட்' வாங்கினவரு பத்து வருஷமா பாடறாரே. அவர் எப்படிப் புதுசு?

அவர் பாட வந்து எத்தனை நாளாயிற்று என்பதை இந்தப் பிரிவு பார்ப்பதில்லை. அந்த ஆண்டில்தான் பரவலாக எல்லோர் கவனத்துக்கும் வந்தாரா என்று பார்க்கும். 2001இல் இதை வாங்கிய ஷெல்பி லின் அதற்குள் ஆறு ஆல்பம் போட்டுவிட்டார். மேடையிலேயே அதைச் சொல்லிக் காட்டினார்.

எதிர்த்திசையிலும் கோளாறு நடந்திருக்கிறது. 2010 விருதுகளுக்குள் லேடி காகா உலகப் புகழ் பெற்றுவிட்டார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு பாட்டுக்காகப் பரிந்துரைப் பட்டியலில் இருந்ததால் புதுமுகப் பிரிவில் அவரைச் சேர்க்க முடியவில்லை. அந்தச் சிக்கலுக்குப் பிறகுதான் விதியைத் தளர்த்தினார்கள். 1990இல் இதே விருதை வாங்கிய மில்லி வனில்லி இரட்டையர் கதை வேறு. ஆல்பத்தில் பாடியது அவர்களே இல்லை, வெறும் வாயசைப்பு என்று தெரிந்ததும் கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

பாட்டு பாடினது அவர். ஆஸ்கர் மேடையில ஏன் அவர் பேர் இல்ல?

ஆஸ்கரின் 'ஒரிஜினல் சாங்' விருது, கிராமியின் சாங் போலவே எழுதியவர்களுக்கு உரியது. இசையமைப்பாளர், பாடலாசிரியர், அவ்வளவுதான். முதல் பதிலில் சொன்ன ஆர்மோனியச் சோதனையை இங்கேயும் போட்டுப் பாருங்கள். ஆஸ்கரில் 'ரெக்கார்டு' என்ற பிரிவே கிடையாது. ஆகவே பாடகருக்கு அங்கே நாற்காலி இல்லை. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் 'ஜெய் ஹோ'வுக்கு 2009இல் ஏ.ஆர். ரஹ்மானும் குல்சாரும் வாங்கினார்கள். பாடிய சுக்விந்தர் சிங்குக்குக் கிடையாது. 2023இல் 'நாட்டு நாட்டு'வுக்குக் கீரவாணியும் சந்திரபோஸும் வாங்கினார்கள். பாடிய ராகுல் சிப்லிகஞ்ச், கால பைரவா இருவரும் மேடையில் பாடினார்கள், சிலை அவர்களுக்கு இல்லை. ஆட்டத்தாலேயே அந்தப் பாட்டு உலகம் சுற்றியது, ஆனாலும் நடன இயக்குநருக்கும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2010இல் 'ஜெய் ஹோ'வுக்குக் கிராமியில் திரைப்படப் பாடல் பிரிவில் விருது கிடைத்தபோது மூன்று பெயர்கள் இருந்தன: ரஹ்மான், குல்சார், தன்வி ஷா. தன்வி அந்தப் பாட்டில் பாடியவர்தான். ஆனால் அவருக்கு விருது கிடைத்தது பாடியதற்காக அல்ல, அதில் வரும் ஸ்பானிய வரிகளை எழுதியதற்காக.

ரஹ்மானுக்கு ஒரே படத்துக்கு ரெண்டு ஆஸ்கர். எது எதுக்கு?

ஒன்று மேலே சொன்ன பாட்டு. இன்னொன்று 'ஒரிஜினல் ஸ்கோர்', அதாவது பின்னணி இசை. நம் சினிமாக்காரர்கள் ரீரெக்கார்டிங், ஆர்.ஆர். என்று சொல்வது. காட்சியின் அடியில் ஓடும் இசைதான் இங்கே மதிப்பிடப்படுகிறது. பாட்டு எத்தனை கோடிப் பேர் முணுமுணுத்தாலும் ஸ்கோர் பிரிவுக்கு அது கணக்கில்லை. பாட்டு விருதுக்கு வரியும் மெட்டும் படத்தில் தெளிவாகக் கேட்க வேண்டும். கதை முடிந்த பின்பு என்றால், இறுதிப் பெயர்ப் பட்டியலில் முதலில் வரும் இசையாக இருக்க வேண்டும்.

அதே படத்துக்கு அவர் வாங்கிய மற்றொரு கிராமி 'கம்பைலேஷன் சவுண்ட்டிராக்'. இது கடையில் கிடைக்கும் பாடல் தொகுப்புக்கான விருது. ஸ்கோர் ஆல்பத்துக்குக் கிராமியில் வேறு பிரிவு உண்டு. 2010இல் அது 'அப்' படத்துக்காக மைக்கேல் ஜியாக்கினோவிடம் போனது. படம் ஒன்றுதான் என்றாலும் ஆஸ்கர் ஸ்கோரும் கிராமி தொகுப்பும் வேறு வேறு வேலைகளுக்கு.

'ஒரிஜினல்'னா காப்பி அடிக்காததுன்னு அர்த்தமா?

அது குறைந்தபட்சம். ஆஸ்கரில் அந்தச் சொல்லுக்கு 'இந்தப் படத்துக்கென்றே செய்தது' என்று பொருள். சொந்தச் சரக்காகவே இருந்தாலும், முன்பே வேறெங்காவது பயன்படுத்தியிருந்தால் ஒரிஜினல் ஆகாது.

இந்த விதிக்குப் பின்னால் ஒரு கதை. 1941ஆம் ஆண்டுப் படங்களில் 'தி லாஸ்ட் டைம் ஐ சா பாரிஸ்' என்ற பாட்டு வென்றது. அது படத்துக்காக எழுதியதே அல்ல. வென்ற இசையமைப்பாளர் ஜெரோம் கெர்னே "இது நியாயமில்லை" என்று சொல்லி விதியை மாற்றவைத்தார். விருதை வாங்கியவரே வழக்குப் போட்ட மாதிரி. அதன்பின் 'காட்ஃபாதர்' முதல் பாகத்தின் ஸ்கோர் பரிந்துரைக்கப்பட்டு, அதன் ஒரு மெட்டை நீனோ ரோட்டா 1958இல் ஓர் இத்தாலியப் படத்தில் பயன்படுத்தியிருந்தார் என்று தெரிந்ததும் நீக்கப்பட்டது. திருடியது தன்னிடமிருந்தேதான், இருந்தும் விதி விதிதான். இரண்டாம் பாகத்துக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

கிராமியில் இது முன்பு தளர்வாக இருந்தது. 1951இல் எழுதப்பட்ட 'அன்ஃபர்கெட்டபிள்' 1992இல் சாங் ஆஃப் தி இயர் ஆயிற்று. மறைந்த தந்தையின் பழைய பதிவோடு மகள் நடாலி கோல் சேர்ந்து பாடிய பதிப்பு அது. ரெக்கார்டு விருது கொடுத்தது சரி. நாற்பது வயதான பாட்டுக்கு 'ஆண்டின் பாட்டு' என்பது அன்றே பலருக்கு உறுத்தியது.

நம்ம தேசிய விருதுல 'பாடல்கள்', 'பின்னணி இசை'ன்னு பிரிச்சுக் கொடுக்கறாங்களே, அது எப்போ வந்தது?

தொடக்கத்தில் 'சிறந்த இசையமைப்பாளர்' என்று ஒன்றே ஒன்றுதான். 1967ஆம் ஆண்டுப் படங்களுக்கு, 'கந்தன் கருணை'க்காக அதை முதலில் பெற்றவர் கே.வி. மகாதேவன். 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து இரண்டாகப் பிரித்து ஆண்டுதோறும் வழங்குகிறார்கள். அந்த முதல் ஆண்டில் பாடல்களுக்கு அமித் திரிவேதி, பின்னணி இசைக்கு 'பழசிராஜா'வுக்காக இளையராஜா.

பிரித்தது நல்லதே. இரண்டும் இரண்டு கலை. ஜி.வி. பிரகாஷ்குமார் 'சூரரைப் போற்று'க்குப் பின்னணி இசைக்கும், பிறகு 'வாத்தி'க்குப் பாடல்களுக்கும் பெற்றார். ரஹ்மான் 2017ஆம் ஆண்டுப் படங்களில் இரண்டையும் ஒரே முறை அள்ளினார், 'காற்று வெளியிடை' பாடல்களுக்கும் இந்திப் படமான 'மாம்' பின்னணி இசைக்கும். பாடலாசிரியர், பின்னணிப் பாடகர், பாடகி ஆகியோருக்கு அங்கே தனித்தனி விருது இருப்பதால், ஆஸ்கரில் பாடகருக்கு நேர்வது இங்கே நேர்வதில்லை. 'சைவம்' படத்தின் 'அழகு' பாட்டுக்கு நா. முத்துக்குமாரும் பாடிய சிறுமி உத்தரா உன்னிகிருஷ்ணனும் தனித்தனியே விருது பெற்றார்கள்.

'நாட்டு நாட்டு' ஆஸ்கரே வாங்கிடுச்சு. தேசிய விருதுல அந்தப் படத்தோட பாட்டுக்குக் கொடுக்காம பின்னணி இசைக்குக் கொடுத்தாங்களே?

தேசிய விருதின் 'பாடல்கள்' பிரிவு ஒரு பாட்டைப் பார்ப்பதில்லை, படத்தின் எல்லாப் பாட்டையும் சேர்த்துப் பார்க்கும். ஆஸ்கரோ ஒரே பாட்டைப் பார்க்கும். அந்த ஆண்டு பாடல்களுக்கு 'புஷ்பா'வுக்காகத் தேவி ஸ்ரீ பிரசாத், பின்னணி இசைக்கு 'ஆர்ஆர்ஆர்' படத்துக்காகக் கீரவாணி. இரண்டு தீர்ப்புக்கும் முரண்பாடே இல்லை.

இன்னொரு குழப்பமும் இதில் ஒளிந்திருக்கிறது. 'ஆர்ஆர்ஆர்' திரைக்கு வந்தது 2022இல். தேசிய விருதில் அது 2021ஆம் ஆண்டுப் படம். தேசிய விருதில் தணிக்கைச் சான்றிதழ் கிடைத்த ஆண்டுதான் கணக்கு. அந்த விருதை அறிவித்தது 2023இல். மூன்று வருஷமும் சரிதான், எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறோம் என்பதுதான் விஷயம்.

கிராமியும் அப்படித்தானா? 2025 விருதுன்னா 2025 பாட்டா?

இல்லை. அந்த விருதுக்குத் தகுதிக் காலம் 2023 செப்டம்பர் நடுவிலிருந்து 2024 ஆகஸ்ட் இறுதி வரை. ஆண்டுக்கு ஆண்டு தேதி சற்று நகரும்.

நம்ம கலைஞர்களுக்கு எப்பவும் 'குளோபல் மியூசிக்' மட்டும்தானா? ஒரு ஓரமா ஒதுக்கற மாதிரி இருக்கே.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 'வேர்ல்டு மியூசிக்' என்ற பெயரே "நாங்கள் ஒரு பக்கம், மற்ற உலகம் ஒரு பக்கம்" என்று ஒலித்தது. 2020இல் 'குளோபல்' என்று மாற்றினார்கள். பெயர் மாறிய அளவுக்கு எண்ணம் மாறியதா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் 'மட்டும்தான்' என்பது சரியில்லை. ரவிசங்கர் 1968இலேயே வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹினுடன் வாங்கியது சேம்பர் மியூசிக் (சிறு குழுவாக வாசிக்கும் மேற்கத்தியச் செவ்வியல் இசை) பிரிவில். 2024இல் ஜாகிர் உசேன் ஒரே இரவில் மூன்று வாங்கினார். இரண்டு குளோபல் பிரிவில், மூன்றாவது கன்டெம்பரரி இன்ஸ்ட்ருமென்டல் ஆல்பம், அதாவது தற்கால வாத்திய இசைப் பிரிவில். 2025இல் சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டன் 'திரிவேணி'க்கு வாங்கியது நியூ ஏஜ், ஆம்பியன்ட், சான்ட் (தியானம், மந்திரம் சார்ந்த அமைதியான இசை) பிரிவில். எந்தப் பிரிவில் நுழைகிறோம் என்பதே பாதித் தீர்ப்பு.

ரிக்கி கேஜ் ஒரே ஆல்பத்துக்கு ரெண்டு வருஷம் தொடர்ந்து கிராமி வாங்கினாராமே. அது எப்படி அனுமதிச்சாங்க?

'டிவைன் டைட்ஸ்' 2022இல் நியூ ஏஜ் ஆல்பமாக வென்றது. 2023இல் அதே ஆல்பத்தின் இம்மர்ஸிவ் ஆடியோ பதிப்பு வென்றது. சுற்றிலும் ஒலி சூழும்படி செய்த கலவைக்கான பிரிவு அது. அங்கே இசையமைப்புக்கு மதிப்பெண் இல்லை. மிக்ஸிங் பொறியாளரும் அந்தப் பதிப்பின் தயாரிப்பாளர்களும் செய்த வேலைக்குத்தான். முதல் கேள்வியில் பார்த்த சாங், ரெக்கார்டு வித்தியாசத்தை இன்னும் ஒரு படி நீட்டியதுதான் இது.

சில கலைஞர்களைக் 'கிராமி விருது பெற்றவர்'னு போஸ்டர்ல போடறாங்க. பட்டியல்ல பேரே காணோமே?

பொய் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். வென்ற ஆல்பத்தில் வாசித்த எல்லோருக்கும் கோப்பை கிடையாது. கோப்பைக்குத் தகுதி இல்லாதவர்களுக்கு, பங்கேற்றதற்கான சான்றிதழ் கிடைக்கும். 1992இல் முதல் வேர்ல்டு மியூசிக் விருது மிக்கி ஹார்ட்டின் 'பிளானெட் டிரம்' தொகுப்புக்குப் போனபோது, அதில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். அதிகாரப்பூர்வப் பட்டியலில் மிக்கி ஹார்ட் பெயர் முன்னே நிற்கும். அதற்காக அந்தக் கடத்தின் ஒலி இல்லாமல் போய்விடாது. விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் 2024இல் சக்தி என்ற இசைக்குழுவின் உறுப்பினராகவே வென்றார்.

சந்தேகம் வேண்டியது 'கிராமி நாமினி' என்பதைக் கூட எட்டாத, பரிசீலனைக்கு அனுப்பியதையே பெருமையாகப் போடும் விளம்பரங்களில்தான். தகுதியுள்ள எந்தப் படைப்பையும் பரிசீலனைக்கு அனுப்பிவைக்கலாம்.

ஆண், பெண்ணுக்குத் தனித்தனி விருது கிராமியில ஏன் இல்ல?

முன்பு இருந்தது. 2012 விழாவுக்காக 109 பிரிவுகளை 78 ஆகக் குறைத்தபோது அவற்றை ஒன்றாக்கிவிட்டார்கள். பிறகு வேறு பிரிவுகள் மெல்ல மெல்லக் கூடிவிட்டன, அது வேறு கதை.

ஏஐ போட்ட பாட்டுக்கு விருது உண்டா? அப்போ 'எழுதியவர்' யாரு?

கிராமி 2023இல் இதற்கு விதி சொல்லிவிட்டது. மனிதர்களுக்கு மட்டுமே விருது. ஏஐ உதவி இருக்கலாம். ஆனால் எந்தப் பிரிவில் போட்டியிடுகிறதோ அந்தப் பிரிவுக்குரிய வேலையில் மனிதப் பங்கு அர்த்தமுள்ளதாக இருக்க வேண்டும். அதாவது பாட்டு எழுதும் பிரிவு என்றால் எழுத்தில், பாடும் பிரிவு என்றால் பாடியதில்.

பீட்டில்ஸின் 'நவ் அண்டு தென்' 2025இல் ராக் பெர்ஃபார்மன்ஸ் பிரிவில் வென்றது இப்படித்தான். ஜான் லெனன் எழுபதுகளில் வீட்டில் பதிவு செய்த பழைய கேசட்டிலிருந்து, பியானோ சத்தத்தை விலக்கி அவர் குரலை மட்டும் பிரித்தெடுக்கக் கணினி உதவியது. குரல் லெனனுடையது, மெட்டும் அவருடையது. கணினி செய்தது தூசி தட்டிக் கொடுத்த வேலை. அதே பதிவு ரெக்கார்டு ஆஃப் தி இயர் பட்டியலிலும் இருந்தது. அங்கே கென்ட்ரிக் லாமரிடம் தோற்றது.